நோவயா ஸெம்லியாவின் கரடிகள்: லூரியாவின் உஸ்பெகிஸ்தான் ஆய்வு குறித்து ஒரு விமர்சனம்

குழந்தை உளவியலின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் நடக்கின்றன. தன் மகனின் மழலைப் பருவம் பற்றிச் சார்ள்ஸ் டார்வின் 1877இல் வெளியிட்ட குறிப்புகளில் அப்பாதை தொடங்கும். ஜெனாவில் பணியாற்றிய வில்ஹெம் பிரையர் 1882இல் எழுதிய 'குழந்தையின் ஆன்மா'வைத் தொட்டு, அமெரிக்கரான ஸ்டான்லி ஹால் 1904இல் வெளியிட்ட 'குமரப் பருவம்' என்னும் பெருநூலைக் கடந்து, ஃபிராய்ட், பியாஜே, வைகாட்ஸ்கி என்று சென்று முடியும். ஆசிரியப் பயிற்சி பெறும் நமது இளைஞர்கள் பரீட்சைக்காக மனனம் செய்வதும் இந்த வரிசையைத்தான். மனனக் கல்வியைப் பழிக்கும் ஒரு துறையின் வரலாறே மனனத்தால் பயிலப்படுவது தனிக் கதை.

இந்த வரிசையில் ஓரிடத்தில் முஸ்லிம்கள் வருகின்றனர். ஆய்வு செய்தவர்களாக அல்ல, ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்களாக வருகின்றனர். 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கோடைகாலங்களில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா தலைமையில் இரண்டு குழுக்கள் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்கும் கிர்கிஸ் மலைப் பகுதிகளுக்கும் சென்றன. அங்கு திரட்டிய தகவல்களின் அடிப்படையில் லூரியா எழுதிய நூல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சேறாமல் கிடந்து, 1974இல் மாஸ்கோவில் வெளிவந்தது. 1976இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. எழுத்தறிவும் பள்ளிக் கல்வியும் மனித சிந்தனையின் அமைப்பையே மாற்றிவிடுகின்றன என்ற கருத்துக்கு இன்றளவும் முதற் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது இந்நூலே. இதனை நாம் கவனமாக வாசிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். உஸ்பெக் விவசாயியைப் பற்றி இதில் எழுதப்பட்ட தீர்ப்பு, ஓதும் பள்ளியில் மட்டுமே படித்த நம் முன்னோர்களையும் தொடுகிறது.

லூரியாவை நியாயமாக அணுகுவதற்கு, அவரது ஆசானும் நண்பருமான லெவ் வைகாட்ஸ்கியிடமிருந்து தொடங்க வேண்டும். 1896இல் பிறந்து 1934இல் காசநோயால் மறைந்த வைகாட்ஸ்கி, குழந்தை வளர்ச்சிக் கோட்பாட்டில் ஒரு பெரும் திருப்பத்தை ஏற்படுத்தினார். அதே 1896இல் பிறந்த பியாஜே, குழந்தை தன் கையாலும் கண்ணாலும் உலகைத் துழாவித் தானே அறிவைக் கட்டிக்கொள்கிறது என்றார். வைகாட்ஸ்கியோ, குழந்தையின் உயர்நிலைச் சிந்தனை முதலில் மனிதர்களுக்கு இடையே நிகழ்ந்து பின்னரே அதன் உள்ளத்துக்குள் குடியேறுகிறது என்றார். மொழி, எண், எழுத்து, வரைபடம் போன்ற பண்பாட்டுக் கருவிகளே மனத்தை வடிக்கின்றன என்பது அவரது வாதம். கருவிகள் மாறினால் சிந்தனையும் மாற வேண்டும் என்பது இதன் இயல்பான தொடர்ச்சி. இதனைச் சோதிக்க ஒரு சமூகம் வேகமாக மாறிக்கொண்டிருக்கும் இடம் தேவைப்பட்டது. அன்றைய சோவியத் மத்திய ஆசியா அத்தகைய இடமாக அவர்களுக்குத் தோன்றியது. வைகாட்ஸ்கி பயணத்தில் கலந்துகொள்ளவில்லை. லூரியா அனுப்பிய செய்திகளை மாஸ்கோவிலிருந்தே ஆர்வத்துடன் எதிர்நோக்கினார்.

இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. மனித மனம் வரலாற்றுக்கு உட்பட்டது, இனத்தால் நிர்ணயிக்கப்பட்டதன்று என்று 1930களில் நிறுவ முயன்றது உயர்ந்த நோக்கமே. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு மூலைகளில் மண்டை ஓடுகளை அளந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் இந்த நோக்கத்தின் அடியில் ஒரு பழைய சுமை கிடந்தது. கருவில் வளரும் உயிர் தன் இனத்தின் பரிணாம வரலாற்றைச் சுருக்கமாகத் திரும்ப நடிக்கிறது என்று 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் கூறியிருந்தார். உயிரியலில் இக்கருத்து விரைவில் மதிப்பிழந்தது. உளவியலிலோ நீண்ட காலம் நீடித்தது. குழந்தை வளர்வது 'காட்டுமிராண்டி' நிலையிலிருந்து 'நாகரிக' நிலைக்கு மனிதகுலம் ஏறிய படிகளில்தான் என்றால், இன்னும் அப்படிகளில் நிற்கும் மக்கள் வளர்ந்த குழந்தைகள் என்றாகிவிடும். ஸ்டான்லி ஹால் தன் நூலில் ஐரோப்பியரல்லாத மக்களைக் 'குமரப் பருவ இனங்கள்' என்று அழைத்து அதற்கெனத் தனி அத்தியாயமே எழுதினார். வைகாட்ஸ்கியும் லூரியாவும் இனவாதிகள் அல்லர். எனினும் இருவரும் சேர்ந்து 1930இல் வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பு, குரங்கு, ஆதிமனிதன், குழந்தை ஆகிய மூவரை ஒரே வரிசையில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு லூரியா ரயிலேறியபோது இந்த வரிசையும் அவருடன் பயணம் செய்தது.

கிராமங்களில் நடந்தது என்ன? தேநீர்க் கடைகளிலும் வயல்வெளிகளிலும் தீமூட்டிய இரவுக் கூடல்களிலும் ஆய்வாளர்கள் மக்களுடன் அமர்ந்தனர். விடுகதை போடுவதுபோல் வினாக்களைத் தொடுத்தனர். பதிலளித்தவர்கள் ஐந்து வகையினர்: வீட்டின் உட்பகுதியை விட்டு வெளிவராத, எழுத்தறியாத பெண்கள்; தனித்து உழுத எழுத்தறியாத விவசாயிகள்; மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கான குறுகிய காலப் பயிற்சி பெற்ற பெண்கள்; கூட்டுப் பண்ணைகளில் பொறுப்பு வகித்தவர்களும் குறுகிய பயிற்சி பெற்ற இளைஞர்களும்; இரண்டு மூன்று ஆண்டுகள் படித்தபின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட பெண்கள்.

வடிவங்களைக் காட்டிப் பெயர் கேட்டபோது, பயிற்சிப் பள்ளி மாணவியர் வட்டம், முக்கோணம், சதுரம் என்றனர். உள்வீட்டுப் பெண்களோ வட்டத்தைத் தட்டு என்றும் சல்லடை என்றும் நிலா என்றும், சதுரத்தைக் கண்ணாடி என்றும் கதவு என்றும், முக்கோணத்தைத் 'தூமார்', அதாவது தாயத்து என்றும் சொன்னார்கள். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராத ஒன்றை நீக்கச் சொன்னபோது விவசாயிகள் எதையும் நீக்க மறுத்தார்கள். மரக்கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் நியாயம். 'கருவி' என்ற பொதுப் பெயரின் கீழ் மூன்றை ஒன்றுசேர்க்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை என்று லூரியா குறித்துக்கொண்டார்.

நூலின் புகழ்பெற்ற பகுதி தர்க்கம் பற்றியது. பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை நிறம். நோவயா ஸெம்லியா தூர வடக்கில் உள்ளது. அங்கு கரடிகள் என்ன நிறம்? மன்திக் கலையில் நாம் கியாஸ் என்று படிக்கும் முக்கூற்று வாதம்தான் இது. கல்வி பெற்றவர்கள் உடனே வெள்ளை என்றனர். காஷ்கர் பகுதியைச் சேர்ந்த 37 வயது விவசாயி ஒருவர், கரடிகளில் பலவகை உண்டு என்று தொடங்கினார். வற்புறுத்தப்பட்டபோது, தாங்கள் கண்டதை மட்டுமே பேசுபவர்கள், காணாததைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துக்கொண்டார். மேலும் வற்புறுத்தியபோது ஒரு படி மேலே சென்றார். அறுபது அல்லது எண்பது வயதான ஒருவர் வெள்ளைக் கரடியைத் தாமே பார்த்துவிட்டு வந்து சொன்னால் நம்பலாம். தான் பார்த்ததில்லை, ஆகையால் சொல்ல இயலாது என்றார். இத்தகைய மறுமொழிகளை லூரியா, நேரடி அனுபவத்தின் பிடியிலிருந்து சிந்தனை இன்னும் விடுபடாததன் அடையாளமாக வாசித்தார்.

நாம் இதே வரிகளை வாசிக்கும்போது வேறொன்று தென்படுகிறது. அந்த விவசாயி மறுத்தது அனுமானத்தை அன்று, சாட்சியத்தை. கேட்பவர் அந்நியர். வடக்கே எல்லாக் கரடிகளும் வெள்ளை என்று அவரும் பார்த்துச் சொல்லவில்லை. அவர் கூற்றை ஏற்று அதன்மேல் ஒரு முடிவைக் கட்டினால், அந்த முடிவுக்குத் தான் பொறுப்பேற்க வேண்டும். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தை இஸ்ரா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் காண்கிறோம். எண்பது வயது நேர்மையாளர் கண்டு சொன்னால் ஏற்கலாம் என்பதில் ரிவாயத்தின் இலக்கணம் முழுவதுமே அடங்கியிருக்கிறது: அறிவிப்பவர் யார், நேரில் கண்டாரா, நம்பத்தகுந்தவரா? ஹதீஸ் கலை படித்துத்தான் அந்த விவசாயி இதைச் சொன்னார் என்று நாம் வாதிடவில்லை. செய்தியின் மதிப்பு அதைக் கொண்டுவருபவரின் நேர்மையில் இருக்கிறது என்ற எண்ணம் ஊறிய ஒரு சமூகத்தில் அவர் வாழ்ந்தார் என்பதே நம் கூற்று. அவர் அளித்தது ஒரு சிறுபிள்ளையின் பதில் அன்று. ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு பெரியவரின் பதில்.

அதே மனிதரிடம் பருத்தி பற்றிய வினாவும் கேட்கப்பட்டது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில்தான் பருத்தி விளையும். இங்கிலாந்து குளிரும் ஈரமும் கொண்டது. அங்கு பருத்தி விளையுமா? தனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னவர், பின்பு, மண் நன்றாக இருந்தால் விளையும், ஈரமும் வளமின்மையும் இருந்தால் விளையாது, காஷ்கர் போன்ற நிலமாயின் அங்கும் விளையும் என்று விளக்கினார். இருந்தால், இன்றேல், ஆயின் என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்கிச் செல்லும் இந்தப் பேச்சில் தர்க்கம் இல்லை என்று எவ்வாறு கூறுவது? கேள்வி கேட்டவர் அளித்த முற்கோளை விட்டுவிட்டு, தன் வாழ்நாள் உழவில் கற்ற முற்கோள்களை அவர் பயன்படுத்தினார். பருத்தியைப் பற்றி மாஸ்கோக்காரருக்கு அவர்தான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நூலில் பதிவாகியிருக்கும் உரையாடலே நூலின் முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தகவல்களை மறைக்காமல் முழுமையாகப் பதிவுசெய்த லூரியாவின் நேர்மையை இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

தன்னறிவு பற்றிய பகுதி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. உங்கள் குணங்கள் எப்படிப்பட்டவை, உங்களிடம் என்ன குறை என்று கேட்கப்பட்டது. உடைகள் போதாமையைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. தன் உள்ளத்தைப் பற்றித் தானே எப்படிப் பேசுவது, மற்றவர்களைக் கேளுங்கள் என்றவர்களும் உண்டு. தன்னைத் தானே ஆராயும் திறன் சமூக மாற்றத்தின் விளைவாகப் பின்னரே தோன்றுகிறது என்று லூரியா முடிவுகட்டினார். கூட்டுப் பண்ணைக் கூட்டங்களில் சுயவிமர்சனம் செய்து பழகிய இளைஞர்கள் சரளமாகப் பதிலளித்தது அவருக்குச் சான்றாயிற்று. ஆனால் தன்னைத் தூயவனென்று தானே சொல்லிக்கொள்வதை அந்நஜ்ம் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தடுக்கிறது. தன் பாவத்தை அந்நியரிடம் விளம்பரப்படுத்துவதும் நம் மரபில் விரும்பத்தக்கதன்று. புகழவும் கூடாது, பறைசாற்றவும் கூடாது என்றால் ஒரு கண்ணியமான முஸ்லிம் பெரியவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்த இளைஞனிடம் வேறென்ன சொல்வார்? நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதே வினாவைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். முஹாஸபா என்னும் தன்விசாரணையை இரவின் தனிமையில் செய்யும் ஒரு மரபு, கேள்வித்தாளில் பூஜ்யம் பெறுகிறது.

கேட்கப்பட்ட காலத்தையும் மறந்துவிடலாகாது. 1927 மார்ச் 8 அன்று உஸ்பெகிஸ்தானில் 'ஹுஜூம்' என்னும் பர்தா ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. திரை விலக்கிய பெண்கள் பலர் சொந்தச் சமூகத்தின் வன்முறைக்கே இரையான துயரமும் நேர்ந்தது. 1920களின் இறுதியில் காழி நீதிமன்றங்களும் வக்ஃபு உடைமைகளும் பழைய மக்தபுகளும் அகற்றப்பட்டன. அரபு எழுத்து கைவிடப்பட்டு லத்தீன் எழுத்து புகுத்தப்பட்டது. 1940இல் அதுவும் போய் சிரிலிக் எழுத்து வந்தது. நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. அந்த நாட்களில் நகரத்திலிருந்து அதிகாரிகளின் ஆதரவோடு வந்து கேள்வி கேட்பவரிடம், கண்டதை மட்டுமே பேசுவோம் என்று சொல்வது சிந்தனைக் குறைவா, முன்னெச்சரிக்கையா? லூரியாவின் நூலில் இந்த ஐயம் எழுவதே இல்லை.

எழுத்து மாற்றம் வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. எழுத்தறியாதவர் என்று யாரைக் குறிப்பிட்டார்கள்? லூரியாவின் ஐந்து வகுப்புகளில், பழைய மக்தபில் அரபு எழுத்துக் கூட்டிக் குர்ஆன் ஓதப் பழகியவருக்கென்று இடமே இல்லை. நூலின் முன்பகுதியில் உலூக் பேக், அல்பிரூனி, இப்னு ஸீனா ஆகியோரை மரியாதையுடன் குறிப்பிட்டு, அந்த உயர் பண்பாடு பாமரருக்கு எட்டவில்லை என்று கடந்துவிடுகிறார். அதில் உண்மை உண்டு. புகாராவின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக 'அல்ஷம்ஸிய்யா' என்னும் தர்க்க நூல் பாடமாக இருந்தது. மலைக் கிராமத்து விவசாயி அங்கு போய்ப் படித்தவர் அல்லர். ஆனால் அதிலிருந்து தெரியவருவது, முக்கூற்று வாதம் என்பது எங்கும் ஒரு தனிப் பயிற்சி என்பதே. புகாராவிலும் அதைக் கற்பித்துத்தான் கொடுத்தார்கள். அது மனித வளர்ச்சியின் ஒரு பருவம் அன்று, ஒரு பாடம்.

நமது கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் அரபுத் தமிழில் மாலைகளையும் மார்க்கச் சட்ட நூல்களையும் வாசித்த பாட்டிமார் இருந்தனர். தமிழ் எழுத்தில் கையொப்பமிடத் தெரியாத அவர்கள் 'படிக்காதவர்கள்' என்றே பேரப்பிள்ளைகளால் நினைவுகூரப்படுகின்றனர். லூரியாவின் வகைப்பாட்டில் அவர்கள் முதல் வகுப்பில், வாசிப்பு என்றால் என்னவென்றே அறியாத பெண்களோடு சேர்ந்திருப்பார்கள்.

சோவியத் நாட்டிலேயே இந்த ஆய்வுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அது நாம் எதிர்பார்க்கும் திசையிலிருந்து வரவில்லை. புதிய சோஷலிச உஸ்பெக் மக்களைப் பின்தங்கியவர்களாகக் காட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உளவியல் கருத்து வேறுபாடும் இருந்தது. 1932 பயணத்தில் உடன்சென்ற ஜெர்மானிய உளவியலாளர் கர்ட் கோஃப்கா, கண்மாயத் தோற்றங்கள் உஸ்பெக் கிராமத்தவர்க்குப் புலப்படுவதில்லை என்ற லூரியாவின் உற்சாகமான முடிவை ஏற்கவில்லை. அவர்களும் நம்மைப் போலவே காண்கிறார்கள் என்பது அவர் கருத்து. 1936 ஜூலை 4 அன்று குழந்தையியல் ஆய்வுகள் அனைத்தையும் கண்டித்துக் கட்சியின் மத்தியக் குழு ஆணை பிறப்பித்தது. லூரியா மருத்துவம் பயின்று மூளைக் காயங்களின் பக்கம் ஒதுங்கினார். தாம் ஆராய்ந்த மக்களுக்காக அல்ல, அரசின் கௌரவத்துக்காகவே அவர் வாய் மூடப்பட்டது.

அறிவுபூர்வமான மறுப்பு பிற்காலத்தில் வந்தது. அதைச் செய்தவர்கள் லூரியாவை மதித்தவர்களே. ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய மைக்கேல் கோல், ஸில்வியா ஸ்க்ரிப்னர் என்பவருடன் இணைந்து மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் ஆய்வு நடத்தினார். அங்குள்ள வாய் இனத்தவரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களிடம் மூன்று எழுத்தறிவுகள் அருகருகே நிலவின: பள்ளியில் கற்கும் ஆங்கிலம், குர்ஆன் பள்ளியில் கற்கும் அரபு, 1830களில் அம்மக்களே உருவாக்கிக்கொண்ட வாய் எழுத்து. வாய் எழுத்தை யாரும் பள்ளியில் கற்பதில்லை. வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகின்றனர். எழுத்தறிவையும் பள்ளிக் கல்வியையும் பிரித்து நோக்க இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

1981இல் வெளிவந்த அவர்களது நூல் அமைதியாக ஒரு பெரும் கட்டடத்தைத் தகர்த்தது. எழுத்தறிவு மட்டுமே பொதுவான சிந்தனை ஆற்றலை உயர்த்துகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தறிவும் தான் பழக்கிய திறனையே வளர்த்திருந்தது. பள்ளியில் படித்தவர்கள் தம் விடைக்குக் காரணம் விளக்குவதில் சிறந்தனர். வாய் எழுத்தறிந்தோர், கடிதம் எழுதிப் பழகியதால், தெரியாத ஒருவருக்கு ஒரு விளையாட்டை விவரிப்பதில் தேர்ந்திருந்தனர். குர்ஆன் ஓதியவர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடிக்கொண்டே செல்லும் பட்டியலை வரிசை பிறழாமல் ஒப்பிப்பதில் மற்ற இரு சாராரையும் விஞ்சினர். ஆயத்து ஆயத்தாகச் சேர்த்து மனனம் செய்த எவருக்கும் இதன் காரணம் விளங்கும்.

நோவயா ஸெம்லியாவின் கரடிகளுக்கும் விடை கிடைத்தது. 1988இல் மரியா டயஸ், பால் ஹாரிஸ் ஆகிய இருவரும், அனுபவத்துக்கு முரணான முற்கோள்களை நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் வெறுமனே சொல்லாமல், வேறொரு கிரகத்தில் நடக்கும் கதையாகச் சொன்னார்கள். குழந்தைகள் சரியான முடிவுக்கு வந்தன. 2005இல் பிரேசிலில் பள்ளி சென்றிராத பெரியவர்களிடமும் இதே முறை கையாளப்பட்டது. அவர்களும் சரியாகவே தர்க்கித்தனர். இது கதை, இதில் உன் சாட்சியம் கேட்கப்படவில்லை என்பது விளங்கிவிட்டால் போதும். இல்லாதிருந்தது தர்க்கம் அன்று, விளையாட்டின் விதி பற்றிய உடன்பாடு.

இந்த இடத்தில் நம்மவரின் ஒரு பழக்கத்தையும் விமர்சிக்க வேண்டியுள்ளது. மேற்கத்தியக் கோட்பாடு ஒன்று ஆட்டம் கண்டால் உடனே, இதையெல்லாம் நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்று எழுதத் தலைப்படுகிறோம். 1185இல் மறைந்த இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' அடிக்கடி பியாஜேயின் முன்னோடியாகக் காட்டப்படுகிறது. மானால் வளர்க்கப்பட்ட தனியன் ஏழேழு ஆண்டுகளாக அறிவில் முதிர்வது உண்மைதான். ஆனால் அது இறையறிவுக்கு அறிவும் அகக்காட்சியும் வழியாகுமா என்று ஆராயும் தத்துவக் கதை. குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட நூல் அன்று. மொழியே இன்றி ஒருவன் பரம்பொருளை அறிகிறான் என்பதை வைகாட்ஸ்கி ஒப்புக்கொள்ளவும் மாட்டார். முன்னோடிப் பட்டங்களை வழங்குவதால் இப்னு துஃபைலுக்கும் பெருமையில்லை, நமக்கும் பயனில்லை.

நம் மரபில் குழந்தையை உண்மையாகவே உற்றுநோக்கிய இடங்கள் வேறு. அவை 'உளவியல்' என்ற பெயர் தாங்காததால் கண்ணில் படுவதில்லை. ஒரு சிறுவன் கேட்ட ஹதீஸ் எந்த வயதிலிருந்து செல்லும் என்று முஹத்திஸ்கள் விவாதித்தனர். இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹின் கல்வி பற்றிய பகுதியில் இதற்கொரு தலைப்பு இட்டு, ஐந்து வயதில் நபி (ஸல்) அவர்கள் தம் முகத்தில் வாயிலிருந்து நீர் உமிழ்ந்ததை நினைவில் வைத்திருந்த மஹ்மூத் இப்னுர் ரபீஃ (ரழி) அவர்களின் அறிவிப்பைத் தந்துள்ளார். இதைக் கொண்டு ஐந்து வயது என்று பலர் வரையறுத்தனர். மூஸா இப்னு ஹாரூன் என்பவரோ, மாட்டையும் கழுதையையும் பிரித்தறியும்போது என்று பதிலளித்தார். 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்), வயதைப் பொதுவாக நிர்ணயிக்காமல் ஒவ்வொரு சிறுவனையும் தனித்தனியே நோக்க வேண்டும், பேச்சை விளங்கி மறுமொழி கூறுகிறானா என்பதே அளவுகோல் என்றார். குழந்தை எப்போது நம்பத்தகுந்த சாட்சி ஆகிறது என்ற நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த கேள்வி இது. குழந்தையின் குறையை அளப்பதற்காக எழுந்த கேள்வி அன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாலான சோதனைகள் இந்த இடத்தில் வேறுபடுகின்றன.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், அகீதாவைச் சிறுவனுக்கு முதலில் மனனமாகக் கொடுக்க வேண்டும். அவன் வளர வளர அதன் பொருள் சிறிது சிறிதாக வெளிப்படும். மனனம், பின் விளக்கம், பின் நம்பிக்கையும் உறுதியும் என்கிறார். இது ஒரு வளர்ச்சிக் கோட்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்னு கல்தூன் (1332–1406) இத்தனை நம்பிக்கை கொள்ளவில்லை. முகத்திமாவில் மக்ரிப், அந்தலூஸ், இஃப்ரீகிய்யா, கிழக்கு நாடுகள் ஆகியவற்றின் கற்பித்தல் முறைகளை ஒப்பிடும் அவர், குர்ஆன் மனனத்தோடு மட்டும் நின்ற மக்ரிப் சிறுவர்களின் மொழித்திறன் வளம் குன்றியதைச் சுட்டுகிறார். மொழியும் கவிதையும் கணக்கும் முதலில், குர்ஆன் பின்னர் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையைப் பாராட்டிவிட்டு, வழக்கம் இதற்கு இடம் தராது என்கிறார். கண்டிப்பு மிகுந்தால் பிள்ளை பொய்யும் பாசாங்கும் கற்கும் என்று அவர் எழுதியதை, பிரம்பைக் கைவிடாத நமது சில மதரஸாக்களின் சுவரில் எழுதி வைக்கலாம். உஸ்பெக் மண்ணிலேயே, 1919இல் கொல்லப்பட்ட மஹ்மூத் கோஜா பெஹ்பூதியும் பிற ஜதீத் அறிஞர்களும், பொருளறியா மனனத்தில் ஆண்டுகளைக் கழித்த மக்தபுகளைக் கடுமையாகச் சாடிப் புதுமுறைப் பள்ளிகளுக்காகப் பாடுபட்டனர். மக்தபுக்கு எதிரான விமர்சனம் மாஸ்கோவிலிருந்து மட்டும் வரவில்லை. ஜதீத்களுக்கும் லூரியாவுக்கும் உள்ள வேறுபாடு, முன்னவர்கள் தங்கள் மக்களைத் தவறாகக் கற்பிக்கப்பட்டவர்களாகக் கண்டனர், பின்னவர் இன்னும் வளராதவர்களாகக் கண்டார் என்பதே.

இன்று படித்த முஸ்லிம் பெற்றோர் பலர், மாலை நேர ஓதும் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தும்போது குழந்தை உளவியலைக் காரணம் காட்டுகின்றனர்: புரியாமல் மனனம் செய்தால் சிந்தனை மழுங்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். மறுபக்கம், மனனம் செய்தால் எல்லாப் பாடத்திலும் மூளை கூர்மையடையும் என்று மேடைகளில் முழங்குவோரும் உள்ளனர். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. மொராக்கோவில் 1980களில் டேனியல் வாக்னரும் அவரது குழுவினரும் குர்ஆன் பாலர் பள்ளிக்குச் சென்ற குழந்தைகளை ஆராய்ந்தபோது, வரிசை மாறாமல் நினைவுகூர்வதில் அவர்கள் முன்னிலையில் இருந்தனர். ஏனைய நினைவுத் திறன்களில் சிறப்பாக எதுவும் தென்படவில்லை. மழுங்கவும் இல்லை. அதே ஆய்வுத் தொடரில், வீட்டில் பர்பர் மொழி மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகள் அரபு வாசிப்பில் முதலில் பின்தங்கியிருந்து, ஐந்தாம் ஆண்டளவில் அரபு பேசும் பிள்ளைகளை ஏறத்தாழ எட்டிப்பிடித்தனர் என்றும் 1989இல் பதிவு செய்தனர். அப்பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அரபே பாடமொழி. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் அரபு எழுத்தைக் காணும் தமிழ்ப் பிள்ளைக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது.

வரிசை நினைவு வரிசை நினைவையே வளர்க்கிறது என்றால், கஸ்ஸாலி சொன்ன இரண்டாம் படியாகிய விளக்கம் தானாக வந்து சேராது. அதற்கென ஒருவர் இருந்து கற்பிக்க வேண்டும். வைகாட்ஸ்கியின் கோட்பாட்டில் நமக்கு மிகவும் உதவக்கூடிய பகுதியும் இதுவே: பிள்ளை தனியே எட்ட முடியாததை, அறிந்த ஒருவர் கைபிடித்தால் எட்டும். பல மஹல்லாக்களில் ஐந்து வயதில் ஓதத் தொடங்கும் பிள்ளை, பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போது ஓதலை நிறுத்திவிடுகிறது. மனனம் முடிந்து விளக்கம் தொடங்க வேண்டிய வயது அது. அந்த மாணவனுக்கென்று பெரும்பாலான ஓதும் பள்ளிகளில் வகுப்பே இல்லை.